வேலைக்குப் போகும் கப்பலில் ஏறுங்கள்

நோர்வேயின் வடகரையைப் பார்க்கப் புறப்படும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். குரூஸ் கப்பலில் போவதா, கரையோரக் கப்பலிலும் பெரிகளிலும் ஏறி இறங்கிப் போவதா? பேத்தி முறையானவள் ஒஸ்லோவிலிருந்து கேட்கிறாள். தம்பியின் மகன் ரொறன்ரோவிலிருந்து கேட்கிறான். இரண்டு பேருமே விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். விலையில் தொடங்கினால் இந்தக் கேள்விக்கு விடை வராது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் அந்தக் கரையில் வாழ்ந்தவள். பின்மார்க்கில் பாட்ஸ்ஃபியூர் என்ற மீன்பிடி ஊரில், ஆலையில் நின்று மீன் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவள். என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பில் தெம்பு இருக்கும் வயதில், உங்களை ஏற்றுவதைத் தவிர வேறு வேலையும் இருக்கிற கப்பலில் ஏறுங்கள். உங்களை மகிழ்விப்பது மட்டுமே வேலையாக உள்ள கப்பல் எந்த வயதிலும் கிடைக்கும்.

குரூஸைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஹம்பர்க்கிலோ சவுதாம்ப்டனிலோ ஏறி, பெட்டியை ஒரு தடவை திறந்து வைத்தால் போதும். சாப்பாடு, படுக்கை, பாட்டு, நீச்சல் குளம், மருத்துவர் எல்லாம் கப்பலுக்குள்ளேயே இருக்கும். ஒரு வாரத்தில் பேர்கன், ஓலசுண்ட், கெய்ரங்கர், ஃப்லோம் என்று நாலைந்து ஊர்களில் காலையில் இறக்கிவிட்டு மாலையில் ஏற்றிக்கொள்வார்கள். பெரிய கப்பல்களில் மூவாயிரம், நாலாயிரம் பேர் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு நாள் என்று கணக்குப் பார்த்தால், கரையோரக் கப்பலைவிட அது மலிவாகவும் முடியலாம். ஆகவே மலிவு என்பதற்காகக் கரையோரக் கப்பலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. காரணம் வேறு.

1893-க்கு முன்பு துரொண்ட்ஹைமில் போட்ட கடிதம் ஹம்மர்ஃபெஸ்ட் போய்ச் சேரக் கோடையில் மூன்று வாரம் வரை ஆகும். குளிர்காலத்தில் ஐந்து மாதம்கூட ஆகும். வழி நெடுகத் தீவுகளும் நீருக்குள் மறைந்த பாறைகளும். கலங்கரை விளக்கங்களோ மிகக் குறைவு. வாராவாரம், குளிர்கால இருட்டிலும் இந்த வழியில் கப்பல் விட யார் தயார் என்று அரசு கேட்டபோது பெரிய கம்பனிகள் கையை விரித்துவிட்டன. வெஸ்தரோலன் தீவுகளில் ஸ்தொக்மார்க்னெஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்த கப்டன் ரிச்சர்ட் வித் மட்டும் முடியும் என்றார். அவரும் அவருடைய வழிகாட்டியான அண்டர்ஸ் ஹோல்ட்டும் தங்கள் ஓட்டங்களில் திசைகாட்டியின் திசை, வேகம், கழிந்த நேரம் ஆகியவற்றை விடாமல் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்புகளை நம்பி 1893 ஜூலை 2-ஆம் தேதி ‘வெஸ்தரோலன்’ என்ற நீராவிக் கப்பல் துரொண்ட்ஹைமிலிருந்து கிளம்பியது. 67 மணி நேரத்தில் ஹம்மர்ஃபெஸ்டை அடைந்தது.

இந்தக் கதையை நான் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். வித்தின் துணிச்சலை எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்தக் குறிப்பேடு. யாரும் கேட்காத காலத்தில், யாருக்கும் காட்டுவதற்காக இல்லாமல், அன்றன்றைய ஓட்டத்தை அன்றன்றே எழுதி வைத்த மனிதருக்குத்தான் ஒரு நாள் எல்லோரும் முடியாது என்று சொல்லும்போது முடியும் என்று சொல்லத் தைரியம் வரும். படிப்பிலும் தொழிலிலும் இதுதான் வழி. திறமைசாலிகள் என்று நான் கண்டவர்கள் எல்லோரும் எங்கோ ஒரு மூலையில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தவர்கள்தான்.

அந்த ஓட்டம் இன்றும் நிற்கவில்லை. தெற்கே பேர்கனிலிருந்து வடக்கே ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்க்கெனெஸ் வரை 34 துறைகள். போய்த் திரும்ப 12 நாள். ஹுர்ட்டிரூட்டன் என்பது இந்த வழித்தடத்துக்குச் சனம் வழங்கும் பெயர். 2021-ல் தொடங்கிய அரசு ஒப்பந்தத்தின்படி ஹுர்ட்டிரூட்டன் கம்பனியின் 7 கப்பல்களும் ஹவிலா கம்பனிக்குரிய 4 கப்பல்களும் முறை வைத்து இதில் ஓடுகின்றன. இன்று அதில் ஏறுபவர்களில் சுற்றுலாப் பயணிகள்தான் அதிகம். அறைகளும் சாப்பாடும் வசதியாகவே இருக்கும். ஆனாலும் அது சரக்கை விட்டுவிடவில்லை. ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குப் போகும் உள்ளூர்ச் சனத்தையும் விட்டுவிடவில்லை. குறிகட்டுவானில் நின்று நெடுந்தீவுப் படகைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரிசி மூட்டை, மருந்துப் பெட்டி, பள்ளிக்கூட ஆசிரியர், ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவி எல்லோரும் ஒன்றாக ஏறும் அந்தப் படகு பெரிதாக வளர்ந்து, வடதுருவ வட்டத்தைத் தாண்டி ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி.

பாட்ஸ்ஃபியூருக்கு வடக்கே போகிற கப்பல் நள்ளிரவை ஒட்டி வரும். நிற்பது அரை மணிக்கும் குறைவு. பக்கவாட்டில் ஒரு பெரிய கதவு திறக்கும். கரையில் காத்திருக்கும் ஃபோர்க்லிஃப்ட் உள்ளே நுழைந்து பலகைத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வரும். கடைக்கு வந்த மாவும் பழமும், யாரோ வாங்கிய துணி துவைக்கும் இயந்திரம், படகு இயந்திரத்தின் உதிரிப் பாகங்கள். திரும்பிப் போகும்போது ஆலையின் பெட்டிகளைத் தூக்கிப் போகும். ஒரு பெண் கைக்குழந்தையுடன் இறங்குவாள். தாய் வந்து பெட்டியை வாங்கிக்கொள்வாள். கயிற்றை அவிழ்ப்பவன் கையுறையைக் கழற்றாமலே மேல்தளத்தைப் பார்த்து ஒரு தடவை கையை அசைப்பான். கதவு மூடும், கப்பல் போய்விடும்.

மேல்தளத்தில் நின்று இதைப் பார்க்கும் பயணிக்காக அங்கே எதுவும் நடக்கவில்லை. அவர் வந்தாலும் வராவிட்டாலும் மாவு இறங்கியே ஆக வேண்டும். நான் சொல்ல வந்த பாடமே இதுதான், பிள்ளைகளே. இன்றைக்கு உங்கள் கைபேசி உங்களுக்குப் பிடித்ததைக் காட்டுகிறது. கடை உங்கள் பெயர் சொல்லி அழைக்கிறது. எங்கு போனாலும் உங்களைச் சுற்றியே எல்லாம் அமைந்திருக்கிறது. அப்படியே வளர்ந்தால், நாம் இல்லாமலே உலகம் நடக்கிறது என்ற எளிய உண்மை நெஞ்சில் இறங்காது. அது இறங்காதவர்களுக்குத்தான் வேலையிடத்தில் ஒரு சொல் பொறுக்க முடிவதில்லை. கலியாணத்தில் ஒரு வருடம் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. மற்றவர்களின் வேலை நடுவே ஓரமாக நின்று, இடைஞ்சல் செய்யாமல், மரியாதையோடு பார்த்துப் பழகுங்கள். அதற்கு அந்தக் கப்பல் நல்ல பள்ளிக்கூடம்.

முழுப்பயணம் போக முடிந்தால் போய்த் திரும்புங்கள். வடக்கே போகும்போது இரவில் தூங்கிக்கொண்டே கடந்த துறைகளில் பலவற்றைத் திரும்பும்போது பகலில் பார்க்கும்படி நேர அட்டவணை அமைந்திருக்கிறது. திரும்பி வரும் வழியில் புதிதாக என்ன இருக்கிறது என்று பலர் பாதியில் விமானம் ஏறிவிடுகிறார்கள். ஒரு கரையை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு அதன் அழகு தெரியும். எதிர்த் திசையில் இன்னொரு தடவை பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு தெரியும். எந்த மலை எந்தக் காற்றைத் தடுக்கிறது, ஊர் ஏன் அந்த மடிப்பில் ஒதுங்கி இருக்கிறது என்பதெல்லாம் இரண்டாம் தடவைதான் கண்ணில் படும்.

லோஃபோட்டன் தீவுகள் பக்கம் போகும்போது ட்ரோல்ஃபியூர் என்ற ஒடுங்கிய கடல் நுழைவைப் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள். 2 கிலோமீற்றர் நீளம், வாயில் ஏறத்தாழ 100 மீற்றர் அகலம். இரு பக்கமும் செங்குத்தாக மலை. பெரிய குரூஸ் கப்பல்கள் அதற்குள் போக முடியாது. கரையோரக் கப்பல் காலநிலை ஒத்துவரும் நாட்களில் உள்ளே போய், நின்ற இடத்திலேயே திரும்பி வெளியே வரும். 1890-ல் அந்த ஃபியூருக்குள் கொட் மீன் கூட்டம் அடைந்து கிடந்தது. நீராவிக் கப்பல் வைத்திருந்த சிலர் வாயை அடைத்து மறித்துக்கொண்டு, மற்றவர்கள் உள்ளே வரக் கூடாது என்றார்கள். துடுப்பும் பாயும் மட்டுமே வைத்திருந்த சிறு மீனவர்கள் கூட்டமாகத் திரண்டு, கொதிநீரையும் நீராவியையும் தாங்கிக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். யோஹான் போயர் 1921-ல் வெளியிட்ட ‘கடைசி வைக்கிங்’ நாவல் இந்தச் சண்டையைச் சொல்லும். மலையின் உயரத்தைப் படம் எடுத்துக்கொண்டு வருவதற்கும், யாருக்குச் சொந்தம் இந்தக் கடல் என்று அங்கே ஒரு நாள் கேட்டவர்களை நினைத்துக்கொண்டு வருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

மார்ச், ஏப்ரலில் போனால் மரச் சட்டங்களில் கொட் மீனை வால் கட்டிச் சோடி சோடியாகத் தொங்கவிட்டிருப்பதைக் காண்பீர்கள். உப்பே போடாமல், குளிர்காற்றில் மட்டுமே காய வைக்கும் கருவாடு அது. பூச்சி பறக்காத குளிரும், மீன் உறைந்து போகாத இதமும் ஒன்றாகக் கிடைக்கும் கரை என்பதால்தான் அது முடிகிறது. மீனின் உடலை வாங்குபவர்களில் முதல் இடம் இத்தாலியர்களுக்கு. தலைகள் நைஜீரியாவுக்குப் போகின்றன. நம்மவர்களுக்கு அந்த மணம் ஒன்றும் புதிதில்லை. மூக்கைப் பொத்தாமல் கிட்டப் போய்ப் பாருங்கள். அந்த மணத்தில்தான் அந்தக் கரை பல நூற்றாண்டுகள் சாப்பிட்டிருக்கிறது.

நம் சனத்துக்கும் அந்த மீனுக்கும் உறவு உண்டு. 1956-ல் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்கு வந்த அந்தோனி ராஜேந்திரம் இங்கே மீன்பிடித் தொழிலைக் கற்றார். பின்னாளில் நோர்வே நண்பர்களின் துணையோடு யாழ்ப்பாணத்தில் சீ-நோர் என்ற மீன்பிடித் திட்டத்தைத் தொடங்கினார். 1980-களிலும் 90-களிலும் போரிலிருந்து தப்பி வந்த தமிழர் பலருக்குப் பின்மார்க்கின் மீன் ஆலைகள்தான் முதல் வேலை கொடுத்தன. பிறகு பெரும்பாலானோர் ஒஸ்லோப் பக்கம் போய்விட்டார்கள். அந்த ஆலைகளில் நின்ற தாய்மாரின் பேரப்பிள்ளைகள்தான் இன்று குரூஸா பெரியா என்று கேட்கிறார்கள்.

ஆலையில் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்த ஒரு மூதாட்டி இருந்தார். நான் ஊர் நினைவில் பேசாமல் நின்ற ஒரு நாள், கத்தியைக் கீழே வைக்காமலே தன் கதையைச் சொன்னார். 1944-இன் கடைசி மாதங்களில் பின்வாங்கிய ஜெர்மன் படை பின்மார்க்கை எரித்துக்கொண்டே போனது. வீடு, படகு, துறைமேடை எதையும் விடவில்லை. ஹொன்னிங்ஸ்வோக் ஊரில் எஞ்சி நின்றது தேவாலயம் ஒன்றுதான். சனத்தை வலுக்கட்டாயமாகத் தெற்கே ஏற்றினார்கள்; போக மறுத்தவர்கள் குகைகளிலும் குடில்களிலும் பனிக்காலத்தைக் கழித்தார்கள். போர் முடிந்ததும் திரும்பி வந்து அதே இடத்தில் வீடு கட்டினார்கள். அன்று முதல் அந்தக் கரை எனக்கு அந்நியக் கரையாக இல்லை. கப்பலில் வடமுனைக்குப் போகிறவர்கள் ஹொன்னிங்ஸ்வோக்கில்தான் இறங்குகிறார்கள். 71 பாகை வடக்கில் நின்று படம் எடுக்கப் பஸ்ஸில் ஏறுகிறார்கள். நீங்கள் ஏறுவதற்கு முன் அந்த வெள்ளைத் தேவாலயத்துக்கு ஒரு தடவை நடந்து போய்விட்டு வாருங்கள்.

இனி, குரூஸ் யாருக்கு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முழங்கால் தேய்ந்த அம்மாவையும், நாளுக்கு நாலு மருந்து எடுக்கும் அப்பாவையும் கூட்டிப் போகிறீர்கள் என்றால் குரூஸையே எடுங்கள். மூன்று குடும்பம் ஒன்றாகப் போகிறது, குழந்தைகளுக்கு விளையாட இடம் வேண்டும் என்றாலும் அதுவே நல்லது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சமைத்த ஒரு பெண் ஒரு வாரமாவது சமைத்து வைத்ததைச் சாப்பிடட்டும். அதில் குறை காண யாருக்கும் உரிமை இல்லை. என்னோடு யார் வருகிறார்கள், அவர்களுக்கு எது ஏலும் என்பதை முதலில் கேளுங்கள். எனக்கு என்ன வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி. இந்த வரிசை மாறினால் எவ்வளவு அழகான கரையும் சண்டையில்தான் முடியும்.

ஆனால் போகும் ஊர்களுக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதையும் யோசியுங்கள். கெய்ரங்கரில் ஆண்டு முழுவதும் வாழ்பவர்கள் சில நூறு பேர்தான். கோடையில் ஒரே நாளில் பல ஆயிரம் பேர் அங்கே இறங்குகிறார்கள். காற்று நகராத நாட்களில் கப்பல் புகை மலைகளுக்கு நடுவே அப்படியே தங்கிவிடும். 2005-ல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த ஃபியூர் அது. அதனால்தான் உலக மரபு ஃபியூர்களுக்குள் வரும் பயணிகள் கப்பல்கள் மாசு வெளியிடக் கூடாது என்று நோர்வே விதி செய்திருக்கிறது. 10,000 தொன்னுக்குக் குறைந்த கப்பல்களுக்கு 2026 முதல், பெரிய கப்பல்களுக்கு 2032 முதல். வழியும் இருக்கிறது. சொங்னேஃபியூரைக் கடக்க 2015-ல் வந்த ‘ஆம்பியர்’ என்ற பெரி மின்கலத்தில் ஓடியது. முழுக்க மின்கலத்தில் ஓடிய முதல் கார் பெரி உலகத்திலேயே அதுதான். ஹவிலாவின் புதிய கரையோரக் கப்பல்களும் கெய்ரங்கருக்குள் சில மணி நேரம் மின்கலத்திலேயே சத்தமில்லாமல் ஓட முடியும். டிக்கெட் எடுக்கும்போது இதையும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் கம்பனிகள் மாறும்.

கையில் காசு குறைவு, நாள் மட்டும் இருக்கிறது என்றால் பெரிகளில் போங்கள். ரயில் பாதை பூடோ வரை உண்டு. பூடோவிலிருந்து லோஃபோட்டனின் மொஸ்கெனெஸுக்கு மூன்று, நாலு மணி நேரத்தில் கார் பெரி போகும். தூரத்தில் பல் வரிசைபோல் தெரியும் மலைகள் மெல்ல மெல்ல எழுந்து வருவதை அந்தப் பெரியின் மேல்தளத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். கார் இருந்தால் ஸ்டெய்ன்கியெரிலிருந்து பூடோ வரை ஏறத்தாழ 650 கிலோமீற்றர் போகும் 17-ஆம் இலக்கக் கரையோரச் சாலை இருக்கிறது. வழியில் ஆறு பெரிகள். கில்பொக்ஹாம்னிலிருந்து யெக்ட்விக் போகும் பெரியில், கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே வடதுருவ வட்டத்தைக் கடந்துவிடுவீர்கள். சாலைத் தொடர்பு இல்லாத பல தீவுகளுக்கான பெரிகளில் இப்போது கட்டணமே வாங்குவதில்லை. பஸ், ரயில், பெரி எல்லாவற்றின் நேரமும் ‘என்டூர்’ செயலியில் கிடைக்கும்.

அப்படிப் போவதானால் சில விடயங்களில் கண்டிப்பாக இருங்கள். பெரி உங்களுக்காகக் காத்திருக்காது. புறப்படும் நேரத்துக்கு முன்பே துறையில் நில்லுங்கள். நீங்களே தூக்கி நடக்கக்கூடிய பெட்டி மட்டும் எடுத்துப் போங்கள். ஜூலையிலும் காற்றுப் புகாத ஜாக்கெட் வேண்டும். தீவுகளுக்குள்ளாகப் போகும்போது கடல் குளம்போல இருக்கும். ஸ்டாட் முனையிலும் ஹுஸ்டாட்விக்காவிலும் வெஸ்ட்ஃபியூரிலும் திறந்த கடல் வந்துவிடும். வயிறு புரளுபவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள். நள்ளிரவுச் சூரியன் வேண்டுமென்றால் மே நடுப்பகுதி முதல் ஜூலை கடைசி வரை. வடதுருவ ஒளி வேண்டுமென்றால் செப்டெம்பர் முதல் மார்ச் வரை. இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்காது. ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும் என்பதை வானமே சொல்லித் தருகிறது. புயல் என்று பெரியை நிறுத்தினால் அலுவலகத்தில் சத்தம் போடாதீர்கள். அந்தக் கடலில் ஓடுபவனுக்குத் தெரியும். அன்று மாலை அந்த ஊரில் தங்கி, கடையில் யாரோடாவது கதையுங்கள். வடக்குச் சனம் தாங்களாக வந்து பேச மாட்டார்கள்; நீங்கள் மீனைப் பற்றிக் கேட்டால் நிறுத்த மாட்டார்கள்.

பயணத்தை மட்டும் வைத்து நான் இவ்வளவும் சொல்லவில்லை. வேலை, படிப்பு, வாழும் ஊர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதே இரண்டு வழிகள் முன்னால் வரும். ஒன்றில் எல்லாம் உங்களுக்காக ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும். மற்றதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையில் உங்களுக்கும் ஓர் இடம் தருவார்கள். பெற்றோருக்காகவும் நோயாளிக்காகவும் முதலாவதைத் தயங்காமல் எடுங்கள். உங்களுக்காக என்று எடுக்கும்போது, இருபதிலும் முப்பதிலும், இரண்டாவதையே எடுங்கள். எடுத்த பிறகு மற்றதன் விலையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இந்தக் கோடைக்கு முழுப்பயணத்துக்குக் காசு போதாதென்றால் பூடோவுக்கு ரயில் ஏறுங்கள். அங்கிருந்து ஒரு பெரி போதும் தொடங்குவதற்கு.